பழைய காரோட ஸ்டீரிங்கை வீட்டுலயே ரிப்பேர் பண்ணா காசு மிச்சமா?



வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனதும் சிலருக்கு ஒரு ஆசை வரும். புது கார் இஎம்ஐ வேண்டாம், ஒரு பழைய அம்பாசிடரோ ப்ரீமியர் பத்மினியோ வாங்கி, ஞாயித்துக்கிழமை துடைச்சு, மெதுவா ஓட்டணும். அழகான ஆசைதான். நான் குறை சொல்லப்போறதில்ல.

ஆனா வாங்கி மூணே மாசத்துல முதல் புகார் வரும்: "ஸ்டீரிங் ஆடுது." மெக்கானிக் ஒரு தொகை சொல்வார். நாம ராத்திரி உக்காந்து நாலு வீடியோ பார்ப்போம். "அட, இவ்ளோதானா? நாமளே பண்ணிடலாமே"ன்னு தோணும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஆட்டம் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிற வேலையை வீட்டுல நீங்களே பண்ணுங்க. ஸ்டீரிங்கைக் கழட்டி மாட்டுற வேலைக்குக் காசு கொடுங்க. நிறைய பேர் இதை அப்படியே தலைகீழா பண்றாங்க. அதனாலதான் காசும் போகுது, ஆபத்தும் வருது.

ஸ்டீரிங் காலம்னா என்ன?

நேரம் காலம் இல்லீங்க, இது தூண். நீங்க பிடிக்கிற வீலுக்கும் கீழ இருக்கிற ஸ்டீரிங் மெக்கானிசத்துக்கும் நடுவுல ஒரு இரும்புத் தண்டு ஓடுது. அதைச் சுத்தி ஒரு குழாய். தண்டு குழாய்க்குள்ள ஆடாம சுத்தறதுக்கு புஷ் இருக்கும். குழாயை டாஷ்போர்டுக்கு அடியில ஒரு பிராக்கெட் பிடிச்சிருக்கும். ஹாரன் வயர் இந்த வழியாதான் போகும். ஸ்டீரிங் பக்கத்துலயே கியர் லீவர் இருக்கிற மாடல்னா, அதோட கம்பிகளும் இதை ஒட்டியே இறங்கும்.

கீழ போனா வண்டிக்கு வண்டி மாறும். அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 வழியில வந்தது, அதுல ராக் அண்ட் பினியன். பத்மினி ஃபியட் 1100 வழியில வந்தது, அதுல ஸ்டீரிங் பாக்ஸ். அதனால அம்பாசிடர் வீடியோவைப் பார்த்துட்டு பத்மினியில கை வைக்காதீங்க. ஸ்பேனர்கூட ஒண்ணு இல்ல. அம்பாசிடர்ல இன்ச் கணக்கு, பத்மினியில மில்லிமீட்டர் கணக்கு. மாத்திப் போட்டு அழுத்தினா நட்டோட முனை மழுங்கிடும்.

இப்ப கணக்குக்கு வருவோம்

உங்க சம்பளம் மாசம் 45,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. 25 நாள், தினம் 9 மணி நேரம். 225 மணி நேரம். அப்போ உங்க ஒரு மணி நேரத்தோட விலை 200 ரூபாய்.

மெக்கானிக் சொல்ற கூலி 3,500 ரூபாய்னு வைப்போம். பார்ட்ஸ் யார் பண்ணாலும் வாங்கித்தான் ஆகணும், அதை விடுங்க. நீங்களே பண்ணா, முதல் தடவைங்கிறதால ரெண்டு ஞாயிறு, மொத்தம் 12 மணி நேரம் போகும். அது 2,400 ரூபாய். வீலை இழுக்கிற புல்லர், நல்ல ஸ்டாண்டு ரெண்டு, சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச் எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய்னு வைங்க. ஆக 10,400.

3,500 ரூபாய் வேலையை 10,400 ரூபாய்க்குப் பண்றோம். டூல்ஸ் ஏற்கெனவே இருந்தாலும் மிச்சம் 1,100 ரூபாய்தான். இது எல்லாமே உதாரணக் கணக்கு. உங்க சம்பளத்தையும் உங்க ஊர் கூலியையும் போட்டுப் பாருங்க. ஆனா ஒண்ணு மாறாது: நம்ம ஊர்ல கூலி பெரிய செலவு இல்ல. ஆயிரம் ரூபாய்க்காக வண்டியோட தலையெழுத்தையே பிரிச்சுப் போடணுமான்னு யோசிங்க.

"எனக்குப் பிடிச்சிருக்கு, பொழுதுபோக்கா பண்றேன்"னு சொன்னா, தாராளமா. அப்போ அதை சேமிப்புன்னு எழுதாதீங்க, பொழுதுபோக்குச் செலவுன்னு எழுதுங்க.

அப்போ காசு எங்கதான் மிச்சமாகுது?

பெரிய பணம் போறது கூலியில இல்ல, தப்பான கண்டுபிடிப்புல. ஆட்டம் ஒரு சின்ன புஷ்ஷால வந்திருக்கும். "பாக்ஸே போச்சு சார், மொத்தமா மாத்தணும்"னு சொல்லி வேலை நடந்திருக்கும். பில் கட்டி வெளிய வந்தா, ஆட்டம் அப்படியே இருக்கும். இதைத் தடுக்க ஒரு டூலும் வேண்டாம். அரை மணி நேரமும், கூட ஒரு ஆளும் போதும்.

வண்டியை சமதளத்துல நிறுத்துங்க. எஞ்சின் ஆஃப். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல்லு வைங்க.

முதல்ல, வீலைப் பிடிச்சு மேலயும் கீழயும், பக்கவாட்டுலயும் லேசா ஆட்டுங்க. குழாய் அசையாம வீலும் தண்டும் மட்டும் ஆடினா, மேல் புஷ் தேய்ஞ்சிருக்கு. குழாயோட சேர்ந்து ஆடினா, பிராக்கெட் போல்ட் தளர்ந்திருக்கு.

அடுத்து, ஒருத்தர் வீலை இடமும் வலமும் ரெண்டு விரல் அளவுக்கு அசைக்கட்டும். இன்னொருத்தர் பானெட்டைத் திறந்து, டார்ச் அடிச்சு, அசைவு எங்க வரைக்கும் போகுதுன்னு பார்க்கணும். ஒரு ஜாயின்டுக்கு மேல அசைவு இருக்கு, கீழ இல்லன்னா, தேய்மானம் அந்த ஜாயின்டுலதான். தண்டு சுத்துது, ஆனா ராக்கோ பாக்ஸோட கையோ லேட்டா நகருதுன்னா கோளாறு அங்க. அது நகருது, சக்கரம் லேட்டா திரும்புதுன்னா டை ராட் எண்டைப் பாருங்க. ஜாக்கியில மட்டும் தூக்கிட்டு கீழ படுக்கவே கூடாது. மேல இருந்து தெரியலைன்னா விட்டுடுங்க, மிச்சத்தைப் பட்டறை லிஃப்ட்ல பார்த்துக்கலாம்.

பார்த்ததை போன்ல வீடியோ எடுத்துக்கோங்க. மெக்கானிக்கிட்ட "ஸ்டீரிங் ஆடுதுண்ணா"ன்னு சொல்றதுக்கும், "மேல் புஷ்ல ஆட்டம் இருக்குண்ணா, கீழ ஜாயின்ட் நல்லாதான் இருக்கு, நீங்களும் ஒரு தடவை பாருங்க"ன்னு சொல்றதுக்கும் பில்லுல எவ்ளோ வித்தியாசம் வரும்னு நீங்களே பாருங்க.

எது வீட்டுல, எது பட்டறையில?

நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இந்த வேலை தப்பாப் போனா எதைக் கொடுத்து சரிபண்ணுவோம்?

ஹாரன் கான்டாக்ட் சுத்தம் பண்றது, இண்டிகேட்டர் சுவிட்ச் மாத்துறது, கியர் லீவரோட கம்பியில தேய்ஞ்ச புஷ் மாத்துறது, கிரீஸ் அடிக்கிறது: இதெல்லாம் தப்பாப் போனா ஹாரன் அடிக்காது, கியர் விழாது, வண்டி வீட்டு வாசல்லயே நிக்கும். அதிகபட்சம் கொஞ்சம் ரூபாய் போகும். பேட்டரி வயரைக் கழட்டிட்டு தைரியமா பண்ணுங்க.

வீலைக் கழட்டுறது, தண்டை உருவுறது, ஜாயின்டைப் பிரிக்கிறது, டை ராட் எண்ட் மாத்துறது: இதெல்லாம் தப்பாப் போனா ரூபாய் கொடுத்து சரிபண்ண முடியாது. ஒரு நட்டு சரியா இறுகலைன்னா வாசல்ல தெரியாது. 60 கிலோமீட்டர் வேகத்துல, லாரி எதிர்ல வரும்போதுதான் தெரியும். இன்னொண்ணும் சொல்லணும். அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல்கள்லயே, மோதினா அமுங்கிக்கிற மாதிரி ஸ்டீரிங் காலம் வச்சிட்டாங்க. நம்ம வண்டிகளோட டிசைன் 1950கள்ல போட்டது. மோதினா அந்தத் தண்டு நேரா நெஞ்சுக்கு வரும்.

பட்டறைக்குக் கொடுத்தாலும் பக்கத்துல நின்னு நாலு விஷயம் பாருங்க. வீலை எடுக்கும் முன்னாடி தண்டுலயும் வீலுலயும் அடையாளம் போடணும். புல்லர் வச்சுத்தான் எடுக்கணும், சுத்தியலால அடிக்கக் கூடாது. ஸ்ப்ளிட் பின், லாக் நட் எல்லாம் புதுசா போடணும். ஸ்டீரிங் பாகம் எதுலயும் வெல்டிங் வைக்கவே கூடாது. புதுப்பேட்டையில பழைய கதவு வாங்குங்க, பம்பர் வாங்குங்க. தேய்ஞ்சு கழட்டின ஜாயின்டை விலை குறைவுன்னு வாங்காதீங்க.

"அந்தக் காலத்துல எல்லாரும் வீட்டுலயேதான பண்ணாங்க?"

பண்ணாங்க. ஆனா அவங்க தினமும் அந்த வண்டியை ஓட்டி, தினமும் அதுல கை வச்சவங்க. டாக்ஸி ஓட்டுற ஒரு அண்ணன் வாழ்க்கையில அம்பது தடவை பண்ண வேலையை நாம வருஷத்துக்கு ஒரு தடவை பண்ணப்போறோம். அவரோட பழக்கத்தை நம்மளோட ஆர்வத்தால ஈடுகட்ட முடியாது. அவரை மாதிரி ஒருத்தர் பக்கத்துல நின்னு சொல்லிக்கொடுத்தா, தாராளமா கத்துக்கோங்க. அப்போகூட கடைசி இறுக்கத்தை அவர் சரிபார்க்கட்டும்.

இன்சூரன்ஸ் பக்கம்

ஸ்டாண்டர்டு மோட்டார் பாலிசியில ஒரு நிபந்தனை இருக்கு: வண்டியை நல்ல நிலைமையில பராமரிக்கணும். தேய்மானமும் மெக்கானிக்கல் பிரேக்டவுனும் கவர் ஆகாது. 5 வருஷம் தாண்டின வண்டிக்கு ஐடிவியை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு பண்ணணும். அதனால பழைய கார்ல ஒவ்வொரு பில்லும் ஒரு சாட்சி. வேலை முடிஞ்சதும் என்ன பண்ணாங்க, எந்தத் தேதின்னு எழுதி வாங்கி ஃபைல்ல வைங்க. ஓனர் டிரைவருக்கான 15 லட்ச ரூபாய் பர்சனல் ஆக்சிடென்ட் கவர் இருக்கான்னும் பாருங்க. உங்களை நம்பி வீட்டுல ஆள் இருந்தா அது மட்டும் போதாது, டெர்ம் பாலிசி முதல்ல, பழைய கார் அப்புறம்.

கடைசியா ஒண்ணு. பழைய கார் முதலீடு இல்ல, ஆசை. ஆசைக்கு ஒரு தனி டப்பா வைங்க. மாசம் 1,500 ரூபாய் தனியா ஆர்டி போட்டா வருஷத்துக்கு 18,000 ரூபாய். அடுத்த தடவை ஸ்டீரிங் ஆடும்போது, "கூலி எப்படிக் குறைக்கலாம்"ங்கிற யோசனையே வராது. அந்தத் தொகையை மாசாமாசம் ஒதுக்க முடியலைன்னா, இப்ப அந்தக் காரை வாங்குற நேரம் இன்னும் வரலைன்னு அர்த்தம்.

உங்க வண்டியில ஆட்டம் எங்க இருந்துச்சு, பில்லு எவ்ளோ வந்துச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோவுல ஒண்ணா உக்காந்து கணக்குப் போடலாம்.