அலுப்பு யாருக்கு?

‘ஈழப் போரையே எத்தனை நாள்தான் பேசுவது? ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. கிரிக்கெட்டும் எரிமலையும் செய்திதானே?’ என்கிறார் வேலூர் பாகாயம் நண்பர். செய்திதான், ஆட்டத்தைப் பார்க்காதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அலுப்பை நியாயமாக்குவதை ஏற்க முடியாது.

2009 ஏப்ரல் 18 அன்று தென்னாப்பிரிக்காவில் ஐ.பி.எல். தொடங்கியது. ஒரே மாதத்தில் இலங்கையின் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. கடைசிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது 2011இல் ஐ.நா. வல்லுநர் குழு. ஐ.பி.எல். இறுதி ஆட்டம் 2009 மே 24 அன்று கோலாகலமாக நடந்தது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் ஐரோப்பிய விமானங்களை முடக்கியது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் வான்வழி திறந்தது. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த வவுனியாவின் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டதோ 2012 செப்டம்பரில்.

ஆட்டத்துக்கு அட்டவணை உண்டு. எரிமலை தானே அடங்கும். போருக்கு இரண்டும் இல்லை. நம் அலுப்பு, போரை நடத்துபவர்களுக்கு வசதி. 2008 செப்டம்பரில் இலங்கை அரசு தொண்டு நிறுவனங்களைப் போர் நடந்த வன்னியைவிட்டு வெளியேறச் சொன்னது, சாட்சிகள் குறைந்தார்கள். மிச்ச வேலையை நம் மறதி செய்தது.

வேலூரிலேயே மேல்மொணவூரில் ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. புதிய வீடுகளுக்கு அங்கே அடிக்கல் நாட்டியதே 2021 நவம்பரில்தான். அலுத்துவிட்டது என்பதை நண்பர் அங்கே போய்ச் சொல்லட்டும்.