விரிசல் விட்ட பேனாக்களைத் திருப்பிக் கொடுங்கள்



போன வாரம் நான் கடைந்த பேனா ஒன்றைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். "சூப்பர் சார்", "அருமை மாமா" என்று எழுதியவர்கள் எல்லாருக்கும் நன்றி. அன்று சாயங்காலமே ஒரு பழைய மாணவன் ராயபுரம் வீட்டுக்கு வந்தான். பெங்களூரில் வேலை. அவன் கல்யாணத்துக்கு நான் கொடுத்த பூவரசு பேனாவைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். நீளவாக்கில் ஒரு விரிசல். உள்ளே இருக்கும் பித்தளைக் குழாய் மின்னுகிறது.

"எப்போ ஆச்சு?" என்றேன்.

"கொடுத்த மூணாவது மாசமே சார். உங்ககிட்ட சொல்ல மனசு வரல."

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அந்த இரண்டு வருஷத்தில் நாற்பது பேனாவுக்கு மேல் அதே தப்போடு கடைந்து உங்கள் கையிலேயே கொடுத்திருக்கிறேன். அவன் மேல் கோபம் இல்லை. ஆனால் இந்த மரியாதை எனக்கு வேண்டாம். கணக்கு நோட்டில் தப்பு விடையைப் பார்த்துவிட்டு "கையெழுத்து அழகு" என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால் உங்கள் அப்பா அம்மா என்னைச் சும்மா விட்டிருப்பார்களா?

தப்பு என்ன என்று சொல்கிறேன். அந்தப் பூவரசு, 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயலில் விழுந்த மரத்தின் கிளை. வருஷக்கணக்காக மாடிப்படிக்குக் கீழே கிடந்ததால் நன்றாகக் காய்ந்துவிட்டது என்று நம்பினேன். அங்கேதான் ஏமாந்தேன். மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்றபடிதான் காயும். நம் வீடுகளில் வீசுவது கடல் காற்று; உப்பு ஜாடியே கசியும். பத்து வருஷம் வைத்தாலும் ராயபுரத்துக் காய்ச்சல்தான் அதற்கு வரும். அதே பேனா பெங்களூரிலோ துபாயிலோ நாள் முழுக்க ஏ.சி. ஓடும் அறைக்குப் போனால் மிச்ச ஈரமும் போய் மரம் சுருங்கும். உள்ளே ஒட்டியிருக்கும் 7 மி.மீ. பித்தளைக் குழாய் சுருங்காது. மேலே மரம் மில்லிமீட்டர் கணக்கில்தான் மிச்சம் இருக்கிறது. அது எங்கே போகும்? பிளந்துகொள்ளும்.

திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் எபோனைட்டில் கடைகிறார்கள். அது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். ஈரம் குடிக்காது, ஊர் மாறினாலும் கோபித்துக்கொள்ளாது. மரத்தில் கடைய வருபவன் இந்த ஈரக் கணக்கைப் படித்துவிட்டுத்தான் உளியைத் தொட வேண்டும். நான் உளியைத் தொட்ட பிறகு படிக்கிறேன்.

இப்போது கட்டையை அறுத்ததும் முதலில் துளை போட்டுவிடுகிறேன். அப்படிச் செய்தால் உள்ளிருந்தும் காயும். பிறகு காற்றுப் புகாத பிஸ்கட் டின்னில், புது ஷூ பெட்டியில் வருமே அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு மூடுகிறேன். வாரம் ஒரு தடவை எடுத்து எடை போட்டு, கட்டையின் மேலேயே பென்சிலால் தேதியோடு குறிக்கிறேன். சமையலறைத் தராசு இதற்கு உதவாது. ஒரு கட்டையே பதினைந்து கிராம் சுமாருக்குத்தான் இருக்கும், இழக்கும் ஈரம் ஒரு கிராம்கூட வராது. நகை நிறுக்கும் சின்னத் தராசு வேண்டும். எடை இறங்குவது நின்ற பிறகுதான் குழாயை ஒட்டுகிறேன். ஒரு பேனாவுக்கு ஒன்றிரண்டு மாதம் ஆகிறது. ஆகட்டும், எனக்கு இப்போது யார் மணி அடிக்கிறார்கள்?

இரண்டாவது தப்பைச் சொன்னவன் திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் இன்னொரு மாணவன். ஒன்பதாம் வகுப்பில் அவனுக்கு நான் இரண்டு முறை ஃபெயில் போட்டிருக்கிறேன். அவன் கடைவது இரும்பு. ஆனாலும் நான் வேலை செய்வதை ஐந்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "சார், சீவல் வரல, தூள்தான் வருது. உளி மொட்டை" என்றான். மொட்டை உளியால் பிய்த்த மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே வழவழப்பாக்கிக்கொண்டிருந்தேன். அழுத்தித் தேய்த்தால் சூடு ஏறும், அந்தச் சூட்டிலேயே மெல்லிய விரிசல் விழும். அதன் மேல் ஃபெவிக்விக்கைத் தடவிப் பளபளப்பாக்கிவிட்டால் படத்தில் ஒன்றுமே தெரியாது. உங்கள் "சூப்பர்" எல்லாம் அந்தப் பளபளப்புக்குத்தான் கிடைத்தது. இன்னொன்றும் சொன்னான். கட்டை கோத்திருக்கும் மாண்ட்ரல் கம்பியை நான் ஓவராக முறுக்கி இறுக்குகிறேனாம். கம்பி லேசாக வளைந்து, பேனா ஒரு பக்கம் தடித்து வருகிறதாம். தடவிப் பார்த்தேன். உண்மை.

சிலர் இன்பாக்ஸில் எந்த லேத் வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். லேத்தைப் பிறகு பார்க்கலாம். ஒரு பழைய உளியைச் சாணை பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அதில் ஒரு மாதம் போனாலும் பரவாயில்லை. முகத்தை முழுக்க மறைக்கும் கவசம் முதல் நாளே வாங்குங்கள். லுங்கி கட்டிக்கொண்டு லேத் முன்னால் நிற்காதீர்கள். செம்மரம், கருங்காலி என்று தேடி அலையவும் வேண்டாம். செம்மரத்தில் சட்டச் சிக்கல் வேறு. எண்ணூர்ப் பக்கம் கழிமுகத்தை ஒட்டி முளைத்துக் கிடக்கிறதே சீமைக்கருவேலம், உயர்நீதிமன்றமே அகற்றச் சொன்ன மரம், அதன் வைரம் நல்ல செம்பழுப்பு. காயும்போது மிகக் குறைவாகத்தான் சுருங்கும். விறகுக் கடையில் கிடைக்கும். என் டின்னுக்குள் இப்போது இருப்பது பெரும்பாலும் அதுதான்.

என்னிடம் பேனா வாங்கியவர்கள் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். விரிசல், தடிப்பு, மூட்டில் படி தட்டுவது, எதுவானாலும் சரி, ஊருக்கு வரும்போது கொண்டுவந்து கொடுங்கள். அத்தை, உங்கள் பூஜை அறையில் இருப்பதையும்தான். எந்த ஊரில், ஏ.சி. அறையிலா வெளியிலா, எத்தனை மாதத்தில் விரிசல் விட்டது என்று ஒரு சீட்டில் எழுதிப் பேனாவோடு சுற்றிவையுங்கள். வேறு பேனா கடைந்து தருகிறேன். அவசரப்படுத்தக் கூடாது, கட்டை இன்னும் காயவில்லை.