நடுகல்லில் விடுபட்ட வரி

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானத்துக்கு விடை கொடுத்தார்கள். 1963இல் இந்திய விமானப்படையில் சேர்ந்தது. அறுபத்திரண்டு ஆண்டுகள் உழைத்தது. அதையொட்டி வந்த புகழ்மாலைகளை ஐயப்பன்தாங்கலில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒன்றாக வைத்துப் படித்தோம். ஏறக்குறைய எல்லாவற்றிலும் இரண்டு சொற்கள் தவறாமல் வந்தன. விமானத்துக்குப் ‘பறக்கும் சவப்பெட்டி’, விமானிக்கு ‘வீரமரணம்’. இரண்டோடும் எங்களுக்கு வழக்கு உண்டு.

முதலில் கணக்கு. 2012இல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் தந்த தகவலின்படி, வாங்கிய 872 மிக் விமானங்களில் 482 விபத்துகளில் போயின. 171 விமானிகளும் பொதுமக்கள் 39 பேரும் மாண்டனர். பாதிக்கு மேல் எதிரியின் கைபடாமலே அழிந்திருக்கின்றன.

இதைச் ‘சவப்பெட்டி’ என்று சொன்னதும் ஏதோ உண்மையை உரக்கச் சொல்லிவிட்டதாக நமக்கு ஒரு நிறைவு. ஆனால் சவப்பெட்டிக்குள் போகிறவன் முன்பே இறந்தவன். அவனை உள்ளே வைத்தவர் யாரென்று எவரும் கேட்பதில்லை. படிமம் இங்கே விதியின் வேலையைச் செய்கிறது. நடந்தது விதியல்ல. மிக்-21 தரையிறங்கும் வேகமே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். கிரண் போன்ற மெதுவான பயிற்சி விமானத்தில் பழகிய இளைஞர்களை இடைப்படி ஏதுமின்றி அதில் ஏற்றினார்கள். நடுவே ஓர் உயர்நிலைப் பயிற்சி ஜெட் தேவை என்று லா ஃபோன்டேன் குழு 1982இல் சொன்னது. ஹாக் விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2004இல். இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் கோப்புகள் தரையில்தான் கிடந்தன, பறந்தவர்கள் பிள்ளைகள்.

இரண்டாவது சொல் இன்னும் வசதியானது. 2001 செப்டம்பர் 17 இரவு, ராஜஸ்தானின் சூரத்கரில் மிக்-21 விழுந்து அபிஜித் காட்கில் இறந்தார். தவறு விமானியுடையது என்று சொல்லப்பட்டதை அவருடைய தாய் கவிதா காட்கில் ஏற்கவில்லை, ஆண்டுக்கணக்கில் போராடினார். 2003இல் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் அம்பாலாவில் மிக்-21இல் தாமே ஏறிப் பறந்து காட்டினார். அமைச்சரின் துணிவை ஐயுறவில்லை. ஆனால் ஒருநாள் பத்திரமாக இறங்கியது, இறங்காமல் போனவர்களுக்கு விடையாகுமா? மேலும், 2002இல் ஜலந்தரில் வங்கிக் கட்டடத்தின் மீது மிக்-21 விழுந்தபோது உள்ளே இருந்தவர்களுக்கும், 2023 மே மாதம் ஹனுமான்கர் மாவட்டத்தில் ஒரு வீட்டில் இறந்த மூன்று பெண்களுக்கும் ‘வீரமரணம்’ என்ற சொல்லைக்கூட நாம் தரவில்லை.

“தொடக்கக்கால ஜெட் விமானங்கள் எல்லா நாட்டிலும் விழுந்தன, மிகுதியாகப் பறந்தது மிகுதியாக விழுந்தது, 1971இல் டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கிய விமானத்தைப் பழிக்கலாமா?” என்பார்கள். உண்மை, எல்லா நாட்டிலும் விழுந்தன. மேற்கு ஜெர்மனி தன் ஸ்டார்ஃபைட்டர்களில் ஏறத்தாழ 300ஐ இழந்தது. நூற்றுக்கு மேற்பட்ட விமானிகள் இறந்தனர். ஆனால் அங்கே பத்திரிகைகள் எண்ணிக்கொண்டே இருந்தன. விமானிகளின் மனைவியர் லாக்ஹீட் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்து இழப்பீடு பெற்றனர். இங்கே மாருத் விமானத்தை 1961இல் முதன்முதலில் பறக்கச் செய்த சுரஞ்சன் தாஸ், 1970 ஜனவரி 10இல் அதன் மேம்படுத்திய வடிவம் விழுந்து இறந்தார். பெங்களூரில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைத்தோம். பெயர் வைப்பதில் நாம் ஒருபோதும் குறை வைத்ததில்லை.

தமிழ் மரபே இதுதான் என்று எவரும் சொல்ல வேண்டாம். செங்கம் பகுதி நடுகற்களைப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய ஆநிரை, யாரோடு பொருது பட்டான் என்று கல் சொல்கிறது. வெட்டியவனுக்கு உளி மட்டுமே இருந்தது, இடமோ சில சாண். ஆனாலும் சாவின் காரணத்தை அவன் விட்டுவிடவில்லை. அச்சு எந்திரமும் இணையமும் உள்ள நாம் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைக்கிறோம். விசாரணை அறிக்கை வெளிவராதபோது அது வெளிவரவில்லை என்றாவது எழுத வேண்டாமா? பயணியர் விமானம் விழுந்தால் அறிக்கையைப் பொதுவில் வைக்கும் நாடுதான் இது. போர்முனை இரகசியம் காக்கப்படட்டும். பயிற்சிக் குறையும் பராமரிப்புக் குறையும் எந்த எதிரிக்கு இரகசியம்?

2025 நவம்பர் 14 அன்று திருப்போரூர் அருகே விமானப்படையின் பயிற்சி விமானம் ஒன்று விழுந்தது. அது ஜெட் அல்ல. விமானி குதித்துப் பிழைத்தார். விசாரணைக்கு ஆணையிடப்பட்டதாகச் செய்தி வந்தது. நம் வாசற்படியில் விழுந்த அதைப் பற்றி அடுத்து என்ன எழுதப்படுகிறது என்று பார்ப்போம். இறந்தால்தான் எழுதுவோம், எழுதினாலும் காரணம் கேட்கமாட்டோம் என்றால், நாம் செய்வது அஞ்சலியே அல்ல. பாதி வெட்டிய கல்லை நட்டுவிட்டுக் கும்பிடுகிறோம்.