டாக்டருக்கும் உண்டு கேஒய்சி

மாற்றல் ஆகி ஒரு ஊரில் போய் இறங்கியதும் நம்மவர்கள் விசாரிப்பது மூன்று சமாச்சாரம். இட்லி மாவு எங்கே கிடைக்கும், பிள்ளைக்கு எந்த ஸ்கூல், தமிழ் டாக்டர் யாராவது இருக்கிறாரா. லக்னோ, கொல்கத்தா என்று சுற்றிவிட்டு இப்போது நாக்பூரில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். எல்லா ஊரிலும் இதே கதைதான். முதல் இரண்டில் எனக்குத் தகராறு இல்லை. மூன்றாவதில்தான்.

உடம்பு வலியை ஹிந்தியில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். குத்துகிறது, இழுக்கிறது, சுருக்கென்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது. இத்தனைக்கும் சேர்த்து நம் கைவசம் இருப்பது 'தர்த்' என்ற ஒரே வார்த்தை. எதிரில் இருப்பவர் "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டால் பாதி வியாதி அங்கேயே போய்விடும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஆறுதல், விசாரணை இல்லையே! இரண்டு லட்சம் லோன் கேட்டு வருபவர் எங்கள் ஊர்க்காரராகவே இருந்தாலும் பான் கார்டு, சம்பளச் சான்று, சிபில் எல்லாம் பார்க்காமல் நான் கையெழுத்து போடுவதில்லை. வயிற்றைக் கிழிக்கப் போகிறவரிடம் மட்டும் "நம்ம திருநெல்வேலிப் பக்கமாம்" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

பார்க்க வழி இருக்கிறது, காசும் செலவில்லை. பழைய மெடிக்கல் கவுன்சிலுக்குப் பதிலாக 2020 செப்டம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் டாக்டர்களின் பதிவேடு இருக்கிறது. பெயரையோ பதிவு எண்ணையோ போட்டுத் தேடலாம். அந்த எண்ணை மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் அச்சிட வேண்டும் என்பது 2002ஆம் வருட நடத்தை விதி. சீட்டில் எண்ணே இல்லை என்றால் ஏன் என்று கேட்கலாம், குற்றமில்லை. தேடும்போது ஒரு விஷயம்: நம்ம டாக்டர் சென்னையில் படித்துப் பதிவு செய்தவர் என்றால் மகாராஷ்டிரா கவுன்சிலின் கீழ் தேடி, "ஆளே இல்லை, போலி" என்று கூவாதீர்கள். தமிழ்நாட்டின் கீழும் பாருங்கள். எம்.டி. முடித்தவருக்குப் பதிவேட்டில் எம்.பி.பி.எஸ். மட்டும் காட்டுவதும் உண்டு. மேல்படிப்பைப் பதியாமல் விட்டிருப்பார். சந்தேகமென்றால் மாநில கவுன்சிலிலேயே கேட்டுவிடலாம்.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துக்களையும் ஒரு முறை படியுங்கள். சில பட்டங்கள், சில சங்க உறுப்பினர் என்பதைக் காட்டுபவை, சில குறுகிய காலப் படிப்புகள். பி.ஏ.எம்.எஸ். என்றால் ஆயுர்வேதம், பி.எச்.எம்.எஸ். என்றால் ஹோமியோபதி. அந்த மருத்துவத்துக்காகத்தான் போகிறோம் என்றால் சரி. அவர் ஆங்கில மருந்து எழுதும்போதுதான் யோசிக்க வேண்டும். இதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. 1996ல் பூனம் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பேசியது. காய்ச்சலோடு வந்தவருக்கு ஹோமியோபதி டாக்டர் ஆங்கில மருந்து கொடுத்தார், நோயாளி இறந்துபோனார். படிக்காத மருத்துவத்தைப் பார்த்ததே அலட்சியம் என்று தீர்ப்பானது.

ஆனால் பதிவேடு என்பது வெறும் கேஒய்சி. ஆள் யார் என்று சொல்லும், கடனைக் கட்டுவாரா என்று சொல்லாது. இணையத்தில் கொட்டிக் கிடக்கும் நட்சத்திரங்களும் சொல்லாது. படித்துப் பாருங்கள், முக்கால்வாசி பார்க்கிங் இல்லை, ரிசப்ஷனில் இருப்பவர் சிடுசிடுக்கிறார் என்கிற ரகம். நியூயார்க் மாநிலத்தில் இதய அறுவை செய்யும் டாக்டர்களின் பெயர் வாரியாக எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று 1990களின் தொடக்கத்திலிருந்தே வெளியிடுகிறார்கள். (அதற்குப் பயந்து சிக்கலான கேஸ்களைத் தவிர்க்கிறார்கள் என்ற புகாரும் உண்டு.) நம் நாட்டில் அப்படி ஒரு கணக்கு பொதுஜனத்துக்குக் கிடையாது. ஆக, நேரில் கேட்பதைத் தவிர வழியில்லை.

எங்கள் கிளையில் வேலை பார்க்கும் தமிழ் நண்பரின் மனைவிக்கு வயது முப்பத்தெட்டு. மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு. தமிழ் பேசும் டாக்டர், பதிவு, பட்டம் எல்லாம் சுத்தம். இரண்டாவது தடவை போனபோதே "எதுக்கும்மா கஷ்டப்படணும், கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றாராம். நண்பர் ஆபரேஷனுக்கு லீவு கேட்டு வந்தார். "எடுக்காமல் என்ன செய்யலாம் என்று கேட்டீர்களா?" என்றேன். "எப்படி சார் கேக்கறது, அவ்வளவு பாசமாப் பேசறாங்க" என்றார்.

எனக்குப் பயமே இந்தப் பாசம்தான். வேற்று மொழி டாக்டரிடம் சந்தேகப்பட்டு நான்கு கேள்வி கேட்கிற ஆள், தன் மொழி பேசுகிறவரிடம் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று வாயை மூடிக்கொள்கிறார். கர்ப்பப்பை விவகாரம் சாதாரணமானதும் இல்லை. இதே மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களுக்குக் கூட்டம் கூட்டமாகக் கர்ப்பப்பை எடுக்கப்பட்ட செய்தி 2019ல் நாட்டையே உலுக்கியது. தேவையில்லாத அறுவையைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022ல் வழிகாட்டுதல்கள் கொடுத்தது. மூன்று மாதத்துக்குள் அவற்றை ஏற்று நடைமுறைப்படுத்தும்படி 2023ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொன்னது.

நண்பர் ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினார். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரவேண்டும் என்பதும் அதே 2002 விதியில் உண்டு. பிறகு மராட்டி பேசும் இன்னொரு டாக்டர். என் மனைவி மொழிபெயர்க்கக் கூடப் போனாள். கேட்டது மூன்றே கேள்வி. இப்போது எடுக்காவிட்டால் என்ன ஆகும்? அதற்கு முன் வேறு என்ன செய்து பார்க்கலாம்? இந்த ஆபரேஷனை நீங்கள் மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? அந்த டாக்டர் கோபப்படவில்லை. காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். திசுவை எடுத்துப் பரிசோதித்தார்கள், கெடுதல் ஒன்றுமில்லை. ஹார்மோன் உள்ள சாதனம் ஒன்றைக் கர்ப்பப்பைக்குள் வைத்தார்கள். எட்டு மாதமாகிறது, உதிரப்போக்கு நன்றாகவே குறைந்திருக்கிறது.

அந்தத் தமிழ் டாக்டர் மோசமானவர் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்டிருந்தால் அவரே இதைச் சொல்லியிருக்கவும் கூடும்.

பி.கு.: அந்த மராட்டி டாக்டர் பெயர் என்ன என்று கேட்டு மெயில் அனுப்பாதீர்கள். சொல்ல மாட்டேன். மூன்று கேள்விகளை ஹிந்தியில் எப்படிக் கேட்பது என்று வேண்டுமானால் என் மனைவி எழுதித் தருவதாகச் சொல்கிறாள்.