தந்தையைத் தேடும் பிள்ளையும் பிள்ளையைச் சோதிக்கும் தந்தையும்

2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள், ஆழிப்பேரலை கிழக்குக் கரையை அழித்த அன்று, கல்முனை வைத்தியசாலைக்கு ஓர் ஆண் குழந்தை கொண்டுவரப்பட்டது. அன்று அனுமதிக்கப்பட்டோர் வரிசையில் எண்பத்தோராவதாக அது இடம்பெற்றமையால் 81 ஆம் இலக்கக் குழந்தை என்றே உலகம் அதனை அறிந்தது. அது தம் பிள்ளையே என வந்து நின்ற தமிழ்த் தம்பதியரிடம் காட்டுவதற்குக் கடதாசி எதுவும் இல்லை. வீட்டோடு அவற்றையும் கடல் கொண்டுபோயிற்று. நீதிமன்று மரபணுச் சோதனைக்குக் கட்டளையிட்டது. 2005 மாசியில் முடிவு வந்தது. குழந்தை பெற்றோர் கையிற் சேர்ந்தது.

இச்சோதனையின் பிறப்பும் இத்தகையதே. லெஸ்ரர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் 1984 இல் மரபணு அடையாள முறையைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டு அது முதன்முதலாகப் பயன்பட்டது கொலைகாரனைப் பிடிப்பதற்கன்று. கானாவிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் தன் தாயின் மகன்தானா என ஐயுற்ற குடிவரவு அதிகாரிகளுக்கு அவன் மகனே எனக் காட்டுவதற்காகும். பிரிந்திருந்த பிள்ளையைப் பெற்றவளுடன் சேர்த்து வைத்ததே இவ்விஞ்ஞானத்தின் முதல் ஊழியம்.

இன்று அதே சோதனை கடைச்சரக்காகிவிட்டது. மேலைநாடுகளில் 'மன நிம்மதிச் சோதனை' என்ற பெயரில் அது விலைகூறி விற்கப்படுகின்றது. உறங்கும் குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சினால் வருடி உறையிலிட்டு அனுப்பினால் போதுமாம். யாருடைய நிம்மதி என்ற கேள்வியை மட்டும் விளம்பரக்காரர் எழுப்புவதில்லை. இதனையே முற்போக்கு என வாதிடும் ஒரு சாரார், ஐயம் எழுந்த இடமெல்லாம் சோதனை நடைபெற வேண்டும், அதற்குத் தடையாயுள்ள பழஞ்சட்டங்கள் ஒழிய வேண்டும் என்கின்றனர். விஞ்ஞானத்தின் பெயரால் பேசப்படுவதனாலேயே இவ்வாதம் ஆராய்வின்றி ஏற்கப்பட்டு விடுகின்றது.

சோதனையின் ஆற்றல் குறித்து ஐயமில்லை. மரபணுவின் சில இடங்களிற் குறுந்தொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எத்தனை தடவை வருகின்றன என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒவ்வோரிடத்திலும் பிள்ளைக்கு ஒரு பிரதி தாயிடமிருந்தும் மற்றையது தந்தையிடமிருந்தும் கிடைக்கின்றது. தாயிடம் இல்லாத பிரதிகள் குறித்த ஆணிடமும் பல இடங்களில் இல்லையெனில் அவன் தந்தையல்லன். எல்லா இடங்களிலும் பொருந்துமெனில் அவன் தந்தையாதற்கான நிகழ்தகவு 99.99 வீதத்தையும் கடக்கின்றது. ஆனால் விடை எத்துணைத் துல்லியமாயினும், அது எக்கேள்விக்கு விடை என்பதையும் நோக்க வேண்டும். எவன் வித்து என்பதையே ஆய்வுகூடம் கூறும். எவன் பொறுப்பு என்பது சட்டம் கூறவேண்டியது.

இவ்வேறுபாட்டை உரோமர் அறிந்திருந்தனர். மணவுறவு சுட்டுபவனே தந்தை என்பது அவர்தம் விதி. இலங்கையின் 1895 ஆம் ஆண்டு 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம், 112 ஆம் பிரிவில் அதனையே வேறு சொற்களிற் கூறுகின்றது. செல்லுபடியான விவாகம் நிலைத்திருக்கும்போது அல்லது அது குலைந்து, தாய் மறுமணம் செய்யாதிருக்கையில், 280 நாட்களுக்குள் பிறக்கும் பிள்ளை அக்கணவனுடையதே என்பது முடிவான சான்று. கருவுறக்கூடிய காலத்தில் அவன் அவளை அணுக வாய்ப்பிருக்கவில்லை எனவோ, அவன் ஆண்மையற்றவன் எனவோ காட்டினாலன்றி அது அசையாது. இப்பிரிவு பெண்ணின்பாற் கொண்ட பரிவினால் எழுந்ததன்று. ஏங்கல்ஸ் 1884 இல் வெளியிட்ட 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' என்ற நூலில் எடுத்துக்காட்டியவாறு, ஐயத்துக்கிடமற்ற வாரிசு தேவைப்பட்டது சொத்துடையவனுக்கே. எனினும் சொத்துக்காகக் கட்டிய வேலிக்குள் பிள்ளையும் ஒதுங்கி நிற்கின்றது. வேலியைப் பிடுங்குமுன் உள்ளே நிற்பது யார் என்று பார்க்க வேண்டாமா?

இந்திய உச்ச நீதிமன்றத்தின் தடுமாற்றம் இங்கு பாடமாகும். இரத்தப் பரிசோதனையை வழக்கமாகக் கட்டளையிடலாகாது என 1993 இலும், மரபணு முடிவுகூட 112 ஆம் பிரிவின் முடிவான சான்றை வெல்லாது என 2001 இலும் அது கூறிற்று. 2014 இல் நிலைமை தலைகீழாயிற்று. இருமுறை நடந்த சோதனையும் கணவனைத் தந்தையல்லன் எனக் காட்ட, சட்டத்தின் ஊகமும் விஞ்ஞானத்தின் சான்றும் மோதுமிடத்து விஞ்ஞானமே மேலோங்க வேண்டும் எனத் தீர்க்கப்பட்டது. அவனது கடப்பாடு நீங்கிற்று. அத்தீர்ப்பைக் கொண்டாடியோர் பலர். அச்சிறுமிக்கு அன்றிரவு தந்தை யார் என வினாவியோர் மிகச் சிலரே. 2023 இல் அதே மன்றம், தன் பிறப்புரிமை பற்றி வீணே வினவப்படாதிருத்தல் பிள்ளையின் உரிமை எனக் கூறித் தன் போக்கைத் திருத்திக்கொண்டது.

எதிர்வாதத்தில் வலுவான பகுதியும் உண்டு. சாப்ளின் வழக்கை அவர்கள் காட்டுவர். குழந்தை அவருடையதாக இருக்கமுடியாது என இரத்த வகை தெளிவாகக் காட்டியும், 1945 இல் கலிபோர்ணிய யூரிமார் அவரையே தந்தையெனத் தீர்த்தனர். அது அநீதியே. ஆயின் அங்கே மணவுறவு இல்லை, வளர்த்த உறவும் இல்லை. அத்தகைய இடத்திற் சோதனையே தீர்ப்பளிக்கட்டும். வஞ்சிக்கப்பட்ட கணவனுக்கும் மன்றின் கதவை முற்றாக அடைத்தல் நீதியன்று. ஜேர்மனியில் ஐயத்துக்குக் காரணம் தெரிந்த நாள்முதல் இரண்டாண்டுக்குள் அவன் வழக்கிடலாம். பிரான்சிலோ, பிறப்புப் பதிவுக்கு இசைவாக ஐந்தாண்டு தந்தையாக ஒழுகியவனின் தந்தைமையை அதன்பின் மறுக்கவியலாது. பத்தாண்டு தோளிற் சுமந்த பிள்ளையை ஓர் ஆய்வுகூடத் தாளைக் காட்டி இறக்கிவிடும் உரிமை எவனுக்கும் இருக்கலாகாது.

இரகசியச் சோதனை இதனினும் கொடிது. பிரித்தானியாவில் 2004 ஆம் ஆண்டு மனித இழையச் சட்டம் சம்மதமின்றி மரபணுவை ஆராய்தலைக் குற்றமாக்கியது. பிரான்சில் நீதிமன்றின் கட்டளையின்றித் தந்தைமைச் சோதனை செய்விப்பவருக்கு 3,750 யூரோ வரை தண்டம் விதிக்கலாம். பின்தங்கிய நாடுகளா இவை? அன்றியும், அஞ்சலில் அனுப்பிய உறைக்குள் இருப்பது எவர் உமிழ்நீர் என்பதற்கே சாட்சியில்லாத போது, அம்முடிவு மன்றில் நிற்பது எங்ஙனம்? அது மன்றுக்குப் பயன்படாது. வீட்டைக் குலைப்பதற்கு மட்டும் பயன்படும்.

இத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே, சோதனை உண்மையில் வேண்டப்படும் இடம் ஒன்று கவனிப்பாரற்றுக் கிடக்கின்றது. தாபரிப்புக் கேட்டு நீதவான் மன்றின் வாயிலில் நிற்கும் மணமாகாத தாயின் வழக்கே அது. 1889 ஆம் ஆண்டுத் தாபரிப்புக் கட்டளைச் சட்டம் அவள் சொல்லை மட்டும் நம்பவில்லை. பிறிதொரு சான்று அதனை உறுதிப்படுத்த வேண்டுமென்றது. அதனிடத்தில் வந்த 1999 ஆம் ஆண்டு 37 ஆம் இலக்கச் சட்டம், தந்தைமை வலுவான சான்றினால் நிலைநாட்டப்படல் வேண்டும் என்கின்றது. அச்சான்று எதுவாகலாம் என்பது பற்றி, மரபணு முறை தோன்றிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து வந்த அச்சட்டத்தில் ஒரு சொல் இல்லை. யாழ்ப்பாணத்திலாயினும் மலையகத்திலாயினும் அவள் கொண்டுவருவது ஒரு பழைய கடிதம், அயலாள் ஒருத்தியின் சாட்சி, தன் கண்ணீர். மறுத்து நிற்பவன் கொண்டுவருவது ஒரு சட்டத்தரணியை. அவன் வாயிலிருந்து ஒரு பஞ்சுத் துண்டளவு உமிழ்நீர் போதும், வழக்கு ஒரு நாளில் முடியும். அதைத் தர மறுப்பதற்கு அவன் கூறும் காரணம் அந்தரங்கம்! பிள்ளையைக் கேளாமல் பஞ்சால் வருட உரிமை கோருவோரும், தம் கன்னத்தை மட்டும் காத்துக்கொள்வோரும் ஒரே இனத்தாரே.

ஆகவே வேண்டப்படுவது எங்கும் சோதனை என்பதும் அன்று, எங்கும் தடை என்பதும் அன்று. தந்தையற்ற பிள்ளை கேட்குமிடத்து, மன்று கட்டளையிட்டு, அரசாங்கச் செலவிற் சோதனை நடைபெறல் வேண்டும். நாட்கூலிக்குத் தேயிலை பறிக்கும் தாயிடம் ஆய்வுகூடக் கட்டணத்தைக் கேட்பது கதவைச் சாத்துவதற்கு ஒப்பாகும். தந்தையுள்ள பிள்ளையிடமிருந்து அவனைப் பறிக்கவெனக் கேட்கப்படும்போது, காலவரையறையும் பிள்ளையின் நலன் பற்றிய தனி விசாரணையும் முன்செல்ல வேண்டும். கட்டளையிட்ட பின்னும் வர மறுப்பவனைப் பிடித்திழுத்து ஊசியேற்ற வேண்டியதில்லை. கையிலுள்ள சான்றை ஒளிப்பவனுக்கு அச்சான்று பாதகமானதே என ஊகிக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 114 ஆம் பிரிவு மன்றுக்கு இடமளித்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகின்றது.