கடிகாரத்தை நம்பி என்னைத் திட்டலாமா?

மதியம் 2 மணிக்கு லேபில் விண்டோஸில் உட்கார்ந்து நான் முடித்த புரோகிராம். ஃபைலில் விழுந்த நேரமோ காலை 8.30! "லேப் திறக்கறதுக்கு முன்னாடியே எப்படிடா முடிச்சே? யார்கிட்ட காப்பி அடிச்சே?" என்றார் சார். எனக்குப் பேச்சே வரவில்லை.

மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. விண்டோஸ் அதையே நம்மூர் நேரமாகப் படிக்கிறது. வித்தியாசம் சரியாக 5½ மணி நேரம். பேட்டரியை மாற்றினாலும் தீராது. (மாற்றியும் பார்த்தார்கள், பாவம்!) விண்டோஸில் கையால் திருத்தினால், அடுத்து லினக்ஸில் நேரம் முன்னே ஓடிவிடும்.

இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவர லினக்ஸில் ஒரு வரிக் கட்டளை போதும். அதைக்கூடப் போடாத லேபில், ஃபைல் நேரத்தைக் காட்டி யாரையும் திருடன் என்பது அநியாயம். என் ரெக்கார்டில் அந்தக் கையெழுத்து இன்னும் விழவில்லை.