சோதனை முடியட்டும் என்று மறைக்காதீர்கள்



மருத்துவ பீடத்தில் பிள்ளை படிக்கும் வீடுகளில் யாரும் எழுதிவைக்காத சில சட்டங்கள் உண்டு. சோதனை நெருங்கினால் டிவி சத்தம் குறையும். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அம்மா மட்டும் போய்த் தலைகாட்டிவிட்டு வருவார். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அது பிள்ளையின் காதுக்குப் போகவே கூடாது. "அவளுக்குச் சோதனை, ஒண்ணும் சொல்லிறாதீங்க. முடியட்டும், பிறகு பார்ப்போம்."

உங்கள் வீட்டிலும் இப்படித்தானே?

முதல் இரண்டு சட்டங்களும் இருந்துவிட்டுப் போகட்டும். மூன்றாவதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச வேண்டும். ஏனென்றால், நீங்கள் மறைக்கும் அந்த வலிதான் பிள்ளையின் புத்தகத்தில் பாடமாக இருக்கிறது.

எலும்பு, மூட்டு, தசை, தோல், தொடுப்பிழையம். மருத்துவப் படிப்பில் இவை பல இடங்களில் ஒரே கட்டாக வரும். அமெரிக்கத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் மனப்பாடம் செய்யும் 'ஃபர்ஸ்ட் எய்ட்' புத்தகத்திலும் இதற்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது. இங்கே பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ படிக்கும் பிள்ளைகளும் அதன் பக்கங்களைப் புரட்டாமல் இருப்பதில்லை. ஆனால் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதலில் இதயம், பிறகு நுரையீரல், சிறுநீரகம். இந்த அத்தியாயம் வரிசையில் கடைசி. தோல் வார்டில் அவர்கள் நிற்பதும் சில வாரங்கள்தான். "எல்லா ரேஷும் பார்க்க ஒரே மாதிரித்தானே இருக்கு" என்று அலுத்துக்கொள்ளாத மாணவர் அபூர்வம்.

அந்தப் பிள்ளை விடுமுறைக்கு ஊருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாத்தளை ஆஸ்பத்திரியின் ஓபிடி வரிசையில் காலையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? ரத்தொட்டை, எல்கடுவ பக்கத்துத் தோட்டங்களில் வருடக்கணக்காகக் கொழுந்து பறித்து, கழுத்தும் தோளும் பிடித்துப்போன பெண்கள். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் விடிய விடிய வெங்காய மூட்டையும் மரக்கறி மூட்டையும் சுமந்து இடுப்பு விழுந்த நாட்டாமைகள். சீமெந்து குழைத்துக் கை வெடித்த மேசன்மார். காலிடுக்குச் சேற்றுப்புண்ணோடு வயலிலிருந்து நேரே வந்தவர்கள். பிள்ளை கடைசியாகப் படிக்கும் அத்தியாயம் இங்கே முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

இனி வீட்டுக்குள் வருவோம். அம்மாவுக்கு விரல் வலி. நம் ஊரில் அதற்கு என்ன வைத்தியம்? கோடாலித் தைலம், சித்தாலேப, இரண்டு பனடோல். வேலை செய்கிற கை வலிக்கத்தானே செய்யும் என்று ஒரு சமாதானம். அந்த வலி இரண்டு விதமாக இருக்கலாம். இரண்டும் முற்றிலும் வேறு வேறு நோய்கள்.

ஒன்று தேய்மானம். வயதோடு வருவது. விரல் நுனிக்கு அடுத்த கணு முட்டிக்கொண்டு கட்டியாக நிற்கும். வேலை செய்யச் செய்ய வலி கூடும், ஓய்வெடுத்தால் குறையும். காலையில் விறைப்பு இருந்தாலும் அரை மணிக்குள் விட்டுவிடும்.

மற்றது ருமட்டோயிட் என்கிற முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்குவது. இது பெரும்பாலும் நுனிக் கணுவை விட்டுவிட்டு, விரல் உள்ளங்கையோடு சேரும் கணுக்களையும் நடுக் கணுக்களையும் மணிக்கட்டையும் பிடிக்கும். இரண்டு கையிலும் ஒன்றுபோல வரும். தொட்டால் மாவு மாதிரி மெத்தென்ற வீக்கம். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீளும். கை ஓடியாட ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் இளகும்.

"காலையில் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்று நோயாளியிடம் கேட்க வேண்டும் என்பது பாடத்தில் இருக்கிறது. வார்டில் மாணவர் கேட்பார், நோயாளி "கொஞ்ச நேரம்" என்பார். அதோடு சரி. வீட்டில் அப்படி இல்லை. நாலரைக்கு எழும்பி அடுப்பு மூட்டுகிற அம்மாவால் ரொட்டிக்கு மாவு பிசைய முடிகிறதா? தேங்காய்ப் பாலைப் பிழிய முடிகிறதா? பைப்பைத் திருகி மூட முடிகிறதா? பெரட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் விரல்கள் மடங்குகின்றனவா, இல்லை மலைக்குப் போய் ஒரு மணி நேரம் பறித்த பிறகுதான் மடங்குகின்றனவா? இதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரக் கணக்கை மனப்பாடம் செய்யும் தேவையே இல்லை. வைவாவில் எந்தப் பேராசிரியர் கேட்டாலும் வாய் தானாகத் திறக்கும்.

ருமட்டோயிட் நோயில் முதல் சில மாதங்கள்தான் பொன்னான காலம். அந்தக் காலத்துக்குள் சரியான மருந்தைத் தொடங்கினால் மூட்டு கோணாமல் காப்பாற்ற முடியும். எலும்பு அரித்து விரல் வளைந்த பிறகு எந்த மருந்தாலும் அதை நிமிர்த்த முடியாது. மருத்துவப் படிப்போ ஐந்து வருடம். ஒரு சோதனை முடிந்தால் இன்னொன்று நிற்கும். "முடியட்டும், சொல்லுவோம்" என்று காத்திருந்தால் என்னவாகும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்து மெத்தோட்ரெக்சேட். ஏற்கெனவே குடிப்பவர்கள் இதைக் கவனியுங்கள். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் குடிக்கும் மருந்து. தினமும் குடித்தால் இரத்த அணுக்கள் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். பரீட்சையிலும் இது பிடித்தமான கேள்வி. கிளினிக் கொப்பியில் அந்தக் கிழமையைப் பெரிதாக எழுதி வட்டம் போட்டு வையுங்கள். பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பேரப்பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.

தோல் விஷயத்தில் கதை தலைகீழ். வலிக்கிற மூட்டை நாம் மறைக்கிறோம். தோலில் வலிக்காமல் இருப்பதை "ஒண்ணுமில்லை" என்று விட்டுவிடுகிறோம்.

லீஷ்மேனியாசிஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நுளம்பை விடப் பொடியான மணல் ஈ கடித்து வருவது. முகத்திலோ கையிலோ காலிலோ சின்னதாக ஒரு பரு போல எழும்பும். வாரங்கள் போகும், ஆறாது. நடுவில் பொருக்குத் தட்டும், புண்ணாகும். வலியும் இல்லை, பெரிதாக அரிப்பும் இல்லை. இலங்கையிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992இல் கண்டறியப்பட்டார். 2008 முதல் இது சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டிய நோய். அநுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல், அம்பாந்தோட்டை போன்ற மாவட்டங்களோடு நம் மாத்தளையும் இது அதிகம் காணப்படும் பட்டியலில் இருக்கிறது. வயலும் காடும் ஒட்டிய ஊர்க்காரர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

இதில் மாணவர்களுக்கு ஒரு வேடிக்கையான சிக்கல் இருக்கிறது. நம் நாட்டில் இந்த நோயைத் தரும் கிருமி லீஷ்மேனியா டொனோவனி. உலகப் பாடப்புத்தகத்தில் அந்தப் பெயரைப் பார்த்தால் எழுத வேண்டிய பதில் கலா அசார்: மண்ணீரல் வீங்கி, காய்ச்சலில் உருக்குலையும் நோய். பீகாரில் அப்படித்தான். இலங்கையில் சுற்றும் வகையோ பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. அமெரிக்கப் பரீட்சையில் ஒரு பதில், சொந்த மாவட்டத்துக் கிளினிக்கில் இன்னொரு பதில். இரண்டையும் தெரிந்து வைத்திருக்கிற பிள்ளைதான் உண்மையில் படித்த பிள்ளை என்பேன்.

புண்ணுக்குள்ளேயே வாரா வாரம் ஊசி போடுவார்கள், அல்லது உறையவைத்துச் சிகிச்சை செய்வார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை. ஆனால் நாள் சம்பளக்காரருக்கு வாரத்தில் ஒரு நாள் பெயர் விழாமல் போவதும் செலவுதானே? பாதியில் நிறுத்திவிடுவதற்குக் காரணம் பல நேரம் சோம்பல் அல்ல, இதுதான். தோட்ட நிர்வாகமும் கடை முதலாளிமாரும் இந்த ஒரு நாளை விட்டுக்கொடுத்தால் பெரிய புண்ணியம்.

வலிக்காத இன்னொன்று தொழுநோய். 1995இலேயே தேசிய மட்டத்தில் ஒழிப்பு இலக்கை எட்டிய நாடு நமது. ஆனாலும் இன்றுவரை வருடத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் புதிய நோயாளிகள் கண்டறியப்படுகிறார்கள், அதில் சிறுபிள்ளைகளும் உண்டு. சுற்றியிருக்கும் தோலை விட வெளிறிய ஒரு திட்டு, அதில் உணர்ச்சி இல்லை. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டால் தெரியாது. தேமல் என்று வருடக்கணக்கில் விட்டுவிட்டவர்கள் உண்டு. ஆறு மாதமோ ஒரு வருடமோ இலவச மாத்திரையில் முழுதாகக் குணமாகும் நோய் இது. அந்தப் பெயருக்குப் பயந்து ஒளிப்பதால்தான் கை மடங்கிப்போகிறது.

அரிப்புக்கு வருவோம். அரித்தால் நாம் போவது பாமசிக்கு. "அந்தப் பச்சை டியூப்", "போன தடவை தந்த அதே கிரீம்" என்று கேட்டு வாங்குவோம். அதில் ஸ்டிராய்டு இருந்தால் படர்தாமரை இரண்டு நாளில் அடங்கின மாதிரி இருக்கும். பிறகு இரண்டு மடங்கு இடத்தைப் பிடித்துக்கொண்டு, உருவம் மாறித் திரும்பும். இந்தியாவில் பரவி, சாதாரண மருந்துக்கு மசியாத ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020இல் தனிப் பெயரே வைத்தார்கள். அங்கே தலைவலியை இவ்வளவு பெரிதாக்கியதில் இந்த மாதிரிக் கலப்புக் கிரீம்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

சிரங்கு அப்படியே வேறு. ராத்திரியில் அரிப்பு, விரலிடுக்கில் பொரிப் பொரியாக, வீட்டில் ஒருவருக்குப் பின் ஒருவருக்கு. லயத்து அறை ஒன்றில் ஆறு பேர் படுக்கும்போது ஒருவருக்கு மட்டும் மருந்து பூசி என்ன பயன்? அரிக்காதவர்கள் உட்பட எல்லோரும் ஒரே இரவில், கழுத்திலிருந்து கால் வரை பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. இதை வீட்டில் செய்துபார்த்த பிள்ளைக்குப் பரீட்சைத் தாளில் அந்த மார்க் நிச்சயம்.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் புத்தகத்துப் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. லூப்பஸ் நோயில் கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் ரோஜா நிறம் தெரியும் என்று படிக்கிறீர்கள். வெயிலில் நின்று கறுத்த நம் அக்காவின் முகத்தில் ரோஜா நிறத்தை எங்கே தேடுவது? அது கருஞ்சிவப்பாகவோ வெறும் கறுப்புப் படையாகவோதான் தெரியும். "மங்கு விழுந்திருக்கு" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே என்ற இளைஞர் இதே குறையைப் பார்த்து, கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று 2020இல் ஒரு கையேடே கொண்டுவந்தார். லூப்பஸ் பத்துப் பேருக்கு வந்தால் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில். முகத்தில் படை, மூட்டு வலி, வாய்ப்புண், முடி கொட்டுதல், வெயில் பட்டால் மோசம் என்று சேர்ந்து வந்தால் அழகுக் கிரீம் வாங்கப் போகாமல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

ஆனால் எல்லை தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் வருடப் பிள்ளை பக்கத்து வீட்டு மாமாவுக்கு மாத்திரை எழுதித் தரக்கூடாது. புண்ணைப் போனில் படம் பிடித்து பேட்ச் குரூப்பில் போடவே கூடாது. கேளுங்கள், தொட்டுப் பாருங்கள், கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். இடுப்பு வலிக்காரரிடம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேளுங்கள்: காய்ச்சல் இருக்கிறதா, மெலிந்துபோனாரா, கால் மரத்ததா, சிறுநீர் கட்டுப்படவில்லையா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் தைலம் தேய்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. இடுப்பு வலியோடு சிறுநீர் போகாமல் நின்றாலோ தெரியாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பெற்றோரே, மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் தேர் பார்க்க உங்கள் பிள்ளை ஊர் வரும்போது கையை நீட்டிக் காட்டுங்கள். படிப்பைக் கெடுக்கிறோம் என்று நினைக்காதீர்கள், நீங்கள் பாடம் நடத்துகிறீர்கள். மருத்துவ மாணவர் யாரும் இல்லாத வீடுகளும் இந்த வாரமே ஒருவரையொருவர் வெளிச்சத்தில் நிறுத்திக் கை, கால், முதுகு பார்த்துக்கொள்ளுங்கள். பல வாரமாக ஆறாத புண்ணோ உணர்ச்சியில்லாத திட்டோ இருந்தால் தோல் கிளினிக் எந்த நாள் என்று பக்கத்து ஆஸ்பத்திரியில் விசாரித்துப் போங்கள். போகும்போது இதுவரை பூசிய டியூப்களை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள், டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

அன்புடன்,
ஆசிரியர்